மறையாக்க நூலகத்தின் கையேடு: நிகண்டா, அகராதியா?

தமிழில் சொற்பொருள் நூல்கள் முதலில் நிகண்டுகளாகவே இருந்தன. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வாரியாகத் தொகுதி பிரித்துப் பாடி வைத்தார்கள். சொற்களை அகரவரிசையில் அடுக்கும் முறையை 1594-இல் சிதம்பரம் ரேவண சித்தர் தம் அகராதி நிகண்டில் கையாண்டார். 1732-இல் வந்த வீரமாமுனிவரின் சதுரகராதி அதை மேலும் வளர்த்தது. அகரவரிசையில் தேடுவது எளிதுதான். ஆனால் தேடுபவருக்குச் சொல் தெரிந்திருக்க வேண்டுமே! சொல்லே தெரியாதவருக்கு நிகண்டுதான் வழி.

இதே சிக்கல் கணினி உலகிலும் வந்தது. வங்கித் தளம், மின்னஞ்சல் போன்றவற்றில் செய்தியைப் பூட்டுவதும் கையொப்பத்தைச் சரிபார்ப்பதும் மறையாக்க நூலகம் என்னும் மென்பொருளின் வேலை. அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) உண்டு. எதை எப்படி அழைப்பது என்று நிரலருக்குச் சொல்வது கையேடு.

இவற்றில் மிகப் பரவலானது ஓப்பன்எஸ்எஸ்எல். ஆஸ்திரேலியாவின் எரிக் யங், டிம் ஹட்சன் ஆகியோர் 1995-இல் தொடங்கிய எஸ்எஸ்எல்இஏஒய் என்ற நூலகத்திலிருந்து 1998 டிசம்பரில் இது பிறந்தது. இதன் கையேடு யூனிக்ஸ் மரபைப் பின்பற்றியது. செயற்கூற்றின் பெயரில் ஒரு பக்கம். அதில் பெயர், அழைக்கும் முறை, விளக்கம், திருப்பித் தரும் மதிப்பு என்று வரிசை. பெயர் தெரிந்தவருக்கு இது அருமையான அகராதி. பெயர் தெரியாதவருக்கு?

பெயர் தெரிந்தவர்களும் தப்பவில்லை. கையொப்பத்தைச் சரிபார்க்கும் 'இவிபி வெரிஃபை ஃபைனல்' என்ற செயற்கூறு, கையொப்பம் சரி என்றால் 1, தவறு என்றால் 0, வேறு பிழை நேர்ந்தால் -1 தரும். கையேட்டில் இது இருந்தது, ஆனால் விளக்கத்துக்குப் பின்னால். சி மொழியிலோ பூஜ்ஜியம் அல்லாத எதுவும் 'உண்மை'. ஆகவே வெறுமனே 'பூஜ்ஜியமா, இல்லையா' என்று மட்டும் பார்த்த நிரல்கள் -1-ஐயும் 'சரி' என்று எடுத்துக்கொண்டன. வேண்டுமென்றே சிதைத்த கையொப்பம்கூட உள்ளே நுழையலாம் என்ற நிலை. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சொந்த நிரலிலேயே இந்தத் தவறு இருந்தது! 2009 ஜனவரியில்தான் திருத்தப்பட்டது. கையேட்டில் உண்மை இருந்தும், அது கண்ணில் படும் இடத்தில் இல்லை.

பின்னர் வந்தவர்கள் வேறு வழியில் அடுக்கினார்கள். பைத்தான் மொழிக்கான 'கிரிப்டோகிராஃபி' நூலகம் தன்னை இரண்டாகப் பிரித்துக்கொண்டது. ஒன்று, அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் செய்முறைகள். மற்றொன்று 'அபாயகரமான பொருட்கள்'. இரண்டாம் பகுதியின் பக்கங்களில் எச்சரிக்கை முதலிலேயே நிற்கும். 2017-இல் 256 பைத்தான் நிரலர்களையும் ஐந்து நூலகங்களையும் வைத்து ஓர் ஆய்வு வெளியானது. நூலகம் எளிமையாக இருந்தால் மட்டும் போதாது, எடுத்துக்காட்டுகளோடு கூடிய நல்ல கையேடும் வேண்டும் என்று அது காட்டியது. ஓப்பன்எஸ்எஸ்எல்லும் 2023-இல் வந்த 3.2 பதிப்பில், அகராதிப் பக்கங்களை அப்படியே வைத்துக்கொண்டு, வேலைவாரியான வழிகாட்டிப் பக்கங்களைச் சேர்த்தது. அகராதியோடு நிகண்டும் சேர்ந்தது எனலாம்.

இது கணினித் துறையினருக்கு மட்டுமான கதை அல்ல. சென்னையிலிருந்து செம்பரம்பாக்கத்தைக் கடந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் கார் தொழிற்சாலைகளைப் பார்க்கலாம். இன்றைய கார்களுக்குள் பல சிறு கணினிகள் இருக்கின்றன. புதிய மென்பொருளை ஏற்றும்போது அது உண்மையான நிறுவனத்திடமிருந்துதான் வந்ததா என்று கையொப்பத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அங்கே யாரோ ஒரு நிரலர் -1-ஐ 'சரி' என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து சாலையில் போகிறவருக்கு. எனவே கையேடு எழுதுபவர் முதலில் கேட்க வேண்டியது, 'எல்லாவற்றையும் சொல்லிவிட்டேனா?' என்பதோடு, 'அவசரத்தில் திறப்பவர் கண்ணில் எது முதலில் படும்?' என்பதும்தான்.