சிட்டை கிழிந்த நாள்: தரவுத்தளப் பதிவேடும் அதன் காப்பு நகலும்

தரவுத்தளங்களைக் கட்டி மேய்ப்பது என் பிழைப்பு. 'அப்படி என்னதான் வேலை?' என்று நண்பர்கள் கேட்டால் 'கணக்குப்பிள்ளை உத்தியோகம்' என்பேன். விளையாட்டாகச் சொல்வதில்லை.

பழைய மளிகைக் கடைகளில் இரண்டு ஏடுகள் இருக்கும். கொடுக்கல் வாங்கலை நடந்த வரிசையில் அப்போதைக்கப்போது குறித்து வைப்பது சிட்டை. பிறகு அதைப் பார்த்து ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து எழுதுவது பேரேடு. பேரேடு நனைந்து போனாலும் பழைய பிரதி ஒன்றும் சிட்டையும் இருந்தால் மீண்டும் எழுதிவிடலாம். சிட்டை போனால் அந்த நாளே போயிற்று.

மைக்ரோசாப்டின் எஸ்க்யூஎல் சர்வரிலும் இதே ஏற்பாடுதான். தரவுக் கோப்பு பேரேடு. 'டிரான்சாக்ஷன் லாக்' என்கிற பரிவர்த்தனைப் பதிவேடு சிட்டை. எந்த மாற்றமும் முதலில் பதிவேட்டில் எழுதப்பட்ட பிறகே தரவுக் கோப்புக்குப் போகும். இந்த முறைக்குச் செம்மையான வடிவம் கொடுத்தது 1992ல் வெளியான 'ஏரீஸ்' என்ற ஆய்வுக் கட்டுரை. அதன் முதல் ஆசிரியர் அப்போது ஐ.பி.எம். ஆய்வாளராக இருந்த சி.மோகன், தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். எஸ்க்யூஎல் சர்வர் உட்படப் பல தரவுத்தளங்கள் விழுந்து எழுவது இந்த வழியில்தான்.

இனி நான் சிட்டையைக் கிழித்த கதை. சில ஆண்டுகளுக்கு முன் டொராண்டோவில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் வேலை பார்த்தேன். தினமும் இரவு 1 மணிக்கு முழுக் காப்பு நகல், அதன்பின் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவேட்டின் காப்பு நகல் என்று ஏற்பாடு. ஒருநாள் காலை 10 மணிக்குத் தொலைபேசி அலறியது. பழைய ஆர்டர்களைப் பார்க்க முடிகிறது, புதிதாக ஒன்றும் ஏற்ற முடியவில்லை. திரையில் பிழை எண் 9002, அதாவது பதிவேடு நிரம்பிவிட்டது.

மேலாளர் பின்னால் வந்து நின்றார். எனக்குத் தெரிந்த குறுக்கு வழியைப் பிடித்தேன். தரவுத்தளத்தின் 'ரெகவரி மாடல்' என்ற அமைப்பை 'ஃபுல்' என்பதிலிருந்து 'சிம்பிள்' என்று மாற்றினேன். பதிவேடு காலியானது. கோப்பைச் சுருக்கினேன். மறுபடி 'ஃபுல்' ஆக்கினேன். ஐந்தே நிமிடம். மேலாளர் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மாலை 4 மணிக்கு ஒரு இளைஞர் விலைப்பட்டியலைத் திருத்தப் போய், 'வேர்' என்ற நிபந்தனை இல்லாமல் 'அப்டேட்' கட்டளையை ஓட்டிவிட்டார். எல்லாச் சரக்குக்கும் ஒரே விலை. திறந்திருந்த ஆர்டர்களிலும் அதே விலை. 'கவலைப்படாதே தம்பி, 3.55க்குத் திரும்பப் போய்விடலாம்' என்று சொல்லிவிட்டுக் காப்புக் கோப்புறையைத் திறந்தேன். இரவு 1 மணி முழு நகலுக்குப் பின் ஒரு கோப்புகூட இல்லை.

நடந்தது இதுதான். முழு நகல் எழுதப்பட்டதில் காப்புக் கோப்புறை இருந்த வட்டு நிறைந்துவிட்டது. 1.15லிருந்து பதிவேட்டு நகல்கள் ஒவ்வொன்றாகத் தோற்றன. நகல் எடுக்கப்படாததால் பதிவேட்டில் இடம் விடுபடவில்லை. இரவில் 'இண்டெக்ஸ்'களைப் புதுப்பிக்கும் வேலை வேறு அதில் எழுதித் தள்ளியது. காலையில் நிரம்பியது. அந்தப் பதிவேட்டைத்தான் நான் துடைத்தேன். சங்கிலி அங்கே அறுந்தது. அதன்பின் இடம் இருந்திருந்தாலும் பதிவேட்டு நகல்கள் பிழை எண் 4214 சொல்லித் தோற்றிருக்கும். அடிப்படை நகல் இல்லை என்பது அதன் பொருள். எச்சரிக்கை மடல்களெல்லாம் வேலையை விட்டுப் போன ஒருவரின் அஞ்சல் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஒரு நாள் வியாபாரம் போயிற்று. தொலைபேசியில் ஆர்டர் எடுக்கும் பிலிப்பைன்ஸ் அம்மையார் ஒருவர், கணினி வந்த பிறகும் எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பார். நாங்கள் கேலி செய்வோம். அவருடைய நோட்டிலிருந்துதான் பாதி ஆர்டர்களைத் திரும்ப ஏற்றினோம். மற்றவர்களுடையதை வாடிக்கையாளர்களிடமே கேட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது. சில வாடிக்கையாளர்கள் பிறகு திரும்பி வரவேயில்லை.

அன்றிலிருந்து பதிவேடு நிரம்பினால் நான் பின்பற்றும் வரிசை:

1. முதலில் காரணம் கேளுங்கள். 'சிஸ் டேட்டாபேசஸ்' என்ற பட்டியலில் 'லாக் ரீயூஸ் வெயிட் டெஸ்க்' என்றொரு பத்தி உண்டு. பதிவேட்டில் ஏன் இடம் விடுபடவில்லை என்பதை அதுவே சொல்லும். 'லாக் பேக்கப்' என்றிருந்தால் நகல் எடுக்கப்படவில்லை. 'ஆக்டிவ் டிரான்சாக்ஷன்' என்றிருந்தால் யாரோ ஒரு பரிவர்த்தனையைத் திறந்து முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அப்போது 'சிம்பிள்' ஆக்கினாலும் பயனில்லை. அன்று இதைப் பார்த்திருந்தால், காப்பு வட்டில் இடம் செய்து பதிவேட்டு நகல் ஒன்றை எடுத்திருப்பேன். விஷயம் முடிந்திருக்கும்.

2. முழு நகல் எடுத்தால் பதிவேடு காலியாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. 'ஃபுல்' அமைப்பில் பதிவேட்டு நகல் மட்டுமே இடத்தை விடுவிக்கும். அப்போதும் கோப்பின் அளவு குறையாது, உள்ளேதான் இடம் கிடைக்கும். தினமும் சுருக்குவதும் வீண். மறுநாள் மறுபடி வளரும்.

3. ஒருநாள் தரவு போனால் பரவாயில்லை என்கிற இடத்தில் 'சிம்பிள்' போதும். அதில் பதிவேட்டு நகல் எடுக்கவே முடியாது. முயன்றால் பிழை எண் 4208. போகக்கூடாது என்றால் 'ஃபுல்' வைத்து, பதிவேட்டு நகலுக்கும் ஏற்பாடு செய்யுங்கள். 'ஃபுல்' வைத்துவிட்டுப் பதிவேட்டு நகல் எடுக்காமல் விடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

4. வேறு வழியின்றி 'சிம்பிள்' ஆக்கினால், திரும்ப 'ஃபுல்' ஆக்கிய கையோடு ஒரு முழு நகலோ 'டிஃபரன்ஷியல்' நகலோ எடுங்கள். அதுவரை சங்கிலி தொடங்காது.

5. தவறு நடந்துவிட்டால் எதையும் தொடுமுன் பதிவேட்டின் கடைசிப் பகுதியை நகலெடுங்கள். சங்கிலி முழுதாக இருந்தால் முழு நகல், பிறகு பதிவேட்டு நகல்கள் வரிசையாக என்று மீட்டு, 'ஸ்டாப் அட்' என்று நேரம் குறித்து விபத்துக்கு முந்தைய நிமிடத்தில் நிறுத்தலாம்.

6. மாதம் ஒருமுறையாவது வேறொரு வழங்கியில் மீட்டுப் பாருங்கள். எச்சரிக்கை மடல் யாருக்குப் போகிறது என்பதையும் பாருங்கள்.

அந்த 'அப்டேட்' கட்டளையை ஓட்டிய இளைஞர் அன்று அழுதேவிட்டார். அவர் செய்தது யாரும் செய்யக்கூடிய பிழை. அதற்காகத்தான் சிட்டை இருக்கிறது. அதைக் கிழித்தவன் நான் என்று மேலாளரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாளாயிற்று.