வில்லுப்பாட்டு ஏடுகள்

வில்லுப்பாட்டு ஏடுகள் என்பன கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதனை அடுத்த திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளிலும் வில்லுப்பாட்டுக் குழுவினர் வைத்திருந்த கதைப்பாடல் சுவடிகள் ஆகும். பனையோலையில் எழுதப்பட்ட இவை பிற்காலத்தில் தாள் குறிப்பேடுகளுக்கு மாறின. பழைய போர், கொலை, வாரிசுப் பூசல் ஆகியவற்றின் நினைவைச் சேமித்ததோடு, எழுத்தறியாதோரும் இரவு முழுதும் விழித்திருந்து கேட்கும் கேளிக்கையாக அவற்றை ஆக்கியதே இம்மரபின் சிறப்பு எனலாம்.

நிகழ்த்தும் முறை

சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் முதலிய தெய்வங்களின் கொடை விழாக்களில் இக்கதைகள் பாடப்படுகின்றன. முதன்மைப் பாடகரான புலவர் மணிகள் கட்டிய வில்லை வீசுகோலால் தட்டிப் பாடுவார். குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியன உடன் ஒலிக்கும். துணைப்பாடகர் ஆமாம் போட்டும், தெரியாதவர் போலக் கேள்வி கேட்டும் கதையை நகர்த்துவார். கேட்போர் மனத்தில் எழும் ஐயங்களையே அவர் கேட்பதால், பழைய சொல்லுக்கும் வழக்கத்துக்கும் விளக்கம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. நகைச்சுவைக்கும் இதுவே இடம். கதைத்தலைவன் மடியும் கட்டத்தில் வேடிக்கைப் பேச்சு அடங்கிவிடும். சாமியாடுவோருக்கு அருள் வரும் இடம் அது. இக்கதைகளைப் பிறப்புக் கதை, இறப்புக் கதை என வகைப்படுத்தி இசுடூவர்ட் பிளாக்பர்ன் எழுதிய ஆய்வுநூல் 1988இல் வெளியானது.

தோற்றவர் வரலாறு

திருவிதாங்கூரில் மருமக்கள் வழி முறைப்படி 1729இல் மார்த்தாண்ட வர்மா அரியணை ஏறினார். முந்தைய மன்னரின் மகன்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அவரை எதிர்த்துக் கொல்லப்பட்டனர். வென்றவர் தரப்பில் இது கலகத்தை ஒடுக்கிய செய்தி. தம்பிமார் கதையோ மாண்டவர்களையே தலைவர்களாகக் கொண்டு பாடுகிறது. 17ஆம் நூற்றாண்டில் கணியாகுளத்தில் திருமலை நாயக்கர் படையுடன் பொருது மடிந்த வேணாட்டு அமைச்சர் இரவிக்குட்டிப் பிள்ளையின் மீதும் கதைப்பாடல் உண்டு.

அழிவும் பதிப்பும்

ஈரத்தாலும் பூச்சியாலும் ஓலை அழிவதால், பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுத வேண்டும். ஒரு கதை பாடப்படும் வரை படியெடுக்கவும் ஆள் இருந்தது. பாடுவது நின்றபின் அந்தத் தேவையும் நின்றது. நா. வானமாமலை 1970களில் சில கதைப்பாடல்களைப் பதிப்பித்தார். குமரி மாவட்டக் கதைகளை அ. கா. பெருமாள் விரிவாகத் தொகுத்துள்ளார். அச்சில் பாட்டு நிலைத்தது; துணைப்பாடகரின் குறும்பு பெரும்பாலும் ஏட்டிலேயே இல்லாததால் அச்சிலும் ஏறவில்லை.

இணையச் சேமிப்புடன் ஒப்பீடு

இணையப் பக்கங்களைச் சேமிப்போரும் இதே சிக்கலைச் சந்திக்கின்றனர். 1996இல் தொடங்கிய இணைய ஆவணகம், பழைய பக்கங்களைப் பார்க்க உதவும் தன் 'வேபேக் மெசின்' சேவையை 2001இல் பொதுமக்களுக்குத் திறந்தது. அப்பெயர் ஓர் அமெரிக்கக் கேலிப்படத் தொடரில் வரும் காலப்பயணப் பொறியைத் தழுவியது. யாகூ நிறுவனம் 2009இல் ஜியோசிட்டீஸ் தளத்தை மூடியபோது தன்னார்வலர்கள் அதன் பக்கங்களைத் திரட்டினர். அவற்றை ஓலியா லியாலினா, டிராகன் எஸ்பென்ஷீட் ஆகிய கலைஞர்கள், மின்னும் எழுத்தும் அசையும் படமுமாக, பழைய உலாவியில் தெரிந்த தோற்றத்திலேயே காட்சிக்கு வைத்துள்ளனர்.