கோடரியும் சங்கிலிவாளும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் முதிர்ந்த பால்மரங்களை வீழ்த்தி மறுநடவு செய்யும் பணி, 1952ஆம் ஆண்டின் மறுநடவு நிதிச் சட்டத்திற்குப் பின் விரைவு பெற்றது. தொடக்கத்தில் கோடரியும் சோடியம் ஆர்சனைட் நஞ்சுமே துணை. செருமானிய ஷ்டீல் நிறுவனம் 1959இல் எடை குறைந்த ‘கொன்ட்ரா’வை வெளியிட்டது, ஒருவரே சுமந்து அறுக்கும் சங்கிலிவாள் மெல்லத் தோட்டங்களையும் எட்டியது.

கோடரி மழுங்கினால் தொழிலாளியே தீட்டிக்கொள்வான். வாளோ எண்ணெய்க் கணக்கறிந்தவனுக்கே பணிந்தது. அதன் இருவீச்சுப் பொறிக்கு உயவெண்ணெய் தனியே ஊற்றுவதில்லை, பெட்ரோலிலேயே கலக்கவேண்டும். பழைய எண்ணெய்களுக்கு 25க்கு 1, அதாவது 5 லிட்டருக்கு 200 மில்லி. மிகுந்தால் பிளக்கில் கரி படியும், துடைத்து மாட்டிவிடலாம். குறைந்தாலோ பிஸ்டன் உருளையோடு உரசி இறுகும். குத்தகைக் கூலிக்கு மரம் வீழ்த்துவோனுக்கு அன்றோடு வருவாயும் நின்றது.