வலிநிவாரணியை மறுத்தால் நட்டஈடு குறையுமா?

விபத்தில் காயமடைந்து நட்டஈடு கோருவோருள், வைத்தியர் விதந்துரைத்த வலிநிவாரணியை உட்கொள்ளாது வேதனையைச் சகித்திருப்போர் பலர். அச்சகிப்பே அவர்களது கோரிக்கைக்குப் பாதகமாகலாம் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி, காயமடைந்தவர் தமது நட்டத்தைத் தணிக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். நியாயமின்றிச் சிகிச்சையை மறுத்ததனால் துன்பமோ தொழிலிழப்போ நீடிக்குமாயின், அந்த மேலதிக நட்டத்துக்கு ஈடு கிடைக்காது. எனினும் கோரிக்கை முழுவதும் அற்றுப்போவதில்லை.

இதனை நிரூபிக்க வேண்டியவர் யார்? திரினிடாட்டில் எழுந்த செல்வநாயகம் வழக்கில், சத்திரசிகிச்சையை மறுத்த வழக்காளியே தமது நியாயத்தை நிரூபிக்க வேண்டுமென 1983இல் கோமறைக் கழகம் கூறியது. 1971 வரை எமது நாட்டுக்கும் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக விளங்கியது இக்கழகமே. 2002இல் சென் லூசியா வழக்கொன்றில் அதே கழகம் அச்சுமையை எதிராளி மீது சுமத்தியது.

வலிநிவாரணிக்கும் இந்நெறி பொருந்தும். இரைப்பைப் புண், ஒவ்வாமை, மருந்துக்கு அடிமையாகும் அபாயம் ஆகியன தக்க காரணங்களாகலாம். காரணம் கூறாது மருந்தைக் கைவிட்டாலோ, வலி கடுமையானதன்று என எதிர்த்தரப்பு வாதிடும். மௌனமாய்ச் சகித்த வேதனை எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை.

ஆகவே மருந்தை மறுப்பவர் அதற்கான காரணத்தை வைத்தியரிடம் கூறிப் பதியச் செய்து, மாற்றுச் சிகிச்சையையும் கேட்டறிதல் வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.