எது உயர்ந்த முறை?

லிந்துலையில் நுவரெலியா பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஒரு மாலையில், அயல் தோட்டத்து இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, பத்திரிகையில எழுதுறவங்க நீங்க. ஐ.யூ.ஐ., ஐ.வி.எஃப்., இக்ஸின்னு சொல்றாங்களே, இதுல எது ஒசத்தி?"

மணமாகி ஏழாண்டுகள் கடந்தும் அவருக்குக் குழந்தை இல்லை. மனைவியைக் கோயில்களுக்கும் வைத்தியர்களிடமும் அழைத்துச் சென்றவர், தம்மை ஒருமுறையேனும் பரிசோதித்துக்கொண்டதில்லை. லயத்தில் 'மலடி' என்ற பழியை அந்தப் பெண்ணே சுமந்தார்.

இம்முறைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு குறைக்காகப் பிறந்தவை என்பதை அவற்றின் வரலாறு கூறுகிறது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டனில் ஜான் ஹன்டர் என்ற அறுவை வைத்தியரிடம், சிறுநீர்த்துளை இடம்மாறி அமைந்த துணி வணிகர் ஒருவர் வந்தார். அவரது விந்தை ஊசிக்குழலால் மனைவியின் உடலினுள் செலுத்துமாறு ஹன்டர் கூறினார், அப்பெண் கருவுற்றார். இன்றைய ஐ.யூ.ஐ. இதன் வழிவந்தது. தெரிந்தெடுத்த விந்தணுக்கள் நேரே கருப்பைக்குள் சேர்க்கப்படுகின்றன. இது பலிக்க ஒரு கருக்குழாயேனும் திறந்திருக்க வேண்டும்.

இரு குழாய்களும் அடைபட்ட லெஸ்லி பிரவுனுக்கு அவ்வழி பயன்படாது. ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகியோர் அவரது சூல்முட்டையை வெளியே எடுத்துக் கருக்கட்டச் செய்தனர். 1978 ஜூலை 25இல் லூயிஸ் பிறந்தாள். அதே ஆண்டு அக்டோபர் 3இல் கல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜி, உறையவைத்த கருவிலிருந்து ஒரு பெண் குழந்தை பிறக்கச் செய்தார். அரசு அமைத்த குழு அவரை நம்ப மறுத்தது. 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கருவை உறையவைப்பது இன்று உலகெங்கும் வழமையான சிகிச்சை.

விந்தணு மிகக் குறைந்த ஆண்களுக்கு ஐ.வி.எஃப்.பும் போதவில்லை. அவர்களுக்காகவே, ஒற்றை விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை 1992இல் பிரசல்ஸ் நகரில் வெற்றி கண்டது. ஆணிடம் குறை இல்லாதபோது, செலவு கூடிய இக்ஸியால் கூடுதல் பலன் கிடைப்பதில்லை.

இம்மூன்று கதைகளில் முதலாவதிலும் மூன்றாவதிலும் குறை ஆணிடமே இருந்தது. இளைஞரிடம் இதைத்தான் சொன்னேன்: "கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தைச் செலவிடுமுன், முதலில் நீங்கள் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எந்த முறை என்பதை வைத்தியர் அதன்பிறகு சொல்வார்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பஸ் வந்தபோது, அந்தப் பரிசோதனையின் பெயரை ஒரு தாளில் எழுதித் தருமாறு கேட்டார்.