பிரிட்டன் ஏன் வரவே இல்லை? பேஸ்பால் 'சேவ்' கணக்கின் கதை

2016 அக்டோபர் 4, டொரண்டோ. வைல்ட் கார்டு மேட்ச், தோத்தா அந்த வருஷம் அவ்வளவுதான். ப்ளூ ஜேஸும் பால்டிமோர் ஓரியோல்ஸும் 2-2ல நிக்கிறாங்க. பதினோராவது இன்னிங்ஸ். ஓரியோல்ஸ் மேனேஜர் பக் ஷோவால்டர் உபால்டோ ஹிமெனெஸைக் கூப்பிடுறார். ரெண்டு பேர் பேஸ்ல ஏறினதும் எட்வின் என்கார்னசியோன் ஒரு ஹோம் ரன். 5-2. முடிஞ்சுது.

ஓரியோல்ஸோட சிறந்த பவுலர் ஜாக் பிரிட்டன் கடைசி வரைக்கும் புல்பென்லயே இருந்தார். அந்த சீசன்ல அவருக்கு 47 சேவ் வாய்ப்பு, 47லயும் ஜெயிச்சுக் கொடுத்தவர்!

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியவே புரியாது. கையில பும்ராவை வெச்சுக்கிட்டு வேற யாருக்கோ கடைசி ஓவரைக் கொடுப்பீங்களா? இதுக்குப் பதில் ஒரு பத்திரிகையாளர் கிட்ட இருந்து தொடங்குது.

1959ல பிட்ஸ்பர்க் ரிலீவர் எல்ராய் ஃபேஸோட கணக்கு 18 வெற்றி, 1 தோல்வி. சிகாகோ நிருபர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மனுக்கு அது உறுத்துச்சு. பல ஆட்டத்துல ஃபேஸ் முன்னிலையைக் கோட்டை விட்டிருக்கார், அப்புறம் பேட்ஸ்மேன்கள் மீட்டதால வெற்றி அவர் பேர்ல ஏறியிருக்கு. அதனால ரிலீவர்களை நியாயமா அளக்க ஹோல்ட்ஸ்மன் உருவாக்கினதுதான் 'சேவ்'. 1969ல அது அதிகாரபூர்வக் கணக்காச்சு.

இன்னைக்கு இருக்கிற விதிப்படி, மூணு ரன் முன்னிலையில வந்து ஒரு இன்னிங்ஸ் போட்டு ஜெயிச்சாலே சேவ். நடுவுல ரெண்டு ரன் கொடுத்தாலும் சேவ்தான்! 2007ல கிளீவ்லாண்டோட ஜோ பொரோவ்ஸ்கி 45 சேவ் எடுத்தார். அவரோட இ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா கொடுத்த ரன், 5.07. ஒரு க்ளோசருக்கு அது படுமோசம்.

1988ல ஓக்லாண்ட்ல டோனி லா ரூஸா, டென்னிஸ் எக்கர்ஸ்லியை பெரும்பாலும் ஒன்பதாவது இன்னிங்ஸுக்குன்னே வெச்சு ஆடினார். நல்லா வேலை செஞ்சுது, எல்லாரும் காப்பியடிச்சாங்க. சேவ் எண்ணிக்கையை வெச்சு சம்பளம் பேசினதால க்ளோசர்களும் அதையே விரும்பினாங்க. ஆட்டத்தை அளக்க வந்த கணக்கு, ஆட்டத்தையே மாத்திடுச்சு. (ஆபீஸ்ல டிக்கெட் எண்ணிக்கையை வெச்சு அப்ரைசல் போட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.)

இதோட ஒரு நம்பிக்கையும் ஒட்டிக்கிச்சு: சேவ் இல்லாத நேரத்துல க்ளோசர் சொதப்புவார், அவருக்கு அந்த 'டென்ஷன்' வேணும்னு. கொஞ்சம் உண்மை இருக்கலாம். நாலு நாள் சும்மா உட்கார்ந்தவரைக் கை துருப்பிடிக்கக் கூடாதுன்னு ஆறு ரன் முன்னிலையில இறக்கினா, அவர் நேரா நடுவுலதான் போடுவார். ஒரு ரன் போனா என்ன? ஆனா எண்ணிக்கை ரொம்பச் சின்னது. இருபது இன்னிங்ஸ்ல 4 ரன் கொடுத்தா இ.ஆர்.ஏ. 1.80. அதுல ஒரே ஒரு ராத்திரி கூடுதலா 5 ரன் போச்சுன்னா 4.05. ஆள் அதே ஆள்தான்.

பிரிட்டனையே எடுத்துக்குவோம். 2016ல 69 ஆட்டம். 47 சேவ் போக மீதி 22 ஆட்டத்துல சேவ் வாய்ப்பே கிடையாது. மொத்தம் 67 இன்னிங்ஸ்ல அவர் கணக்குல விழுந்த ரன் நாலே நாலு, இ.ஆர்.ஏ. 0.54. அந்த 22 ஆட்டத்துல அவர் எங்கே சொதப்பியிருக்க முடியும்?

ஷோவால்டர் முட்டாள் இல்லை. எதிரணி மைதானத்துல ஆட்டம் சமமா இருந்தா, எப்படியும் நாம முன்னிலை எடுத்த பிறகு அதைக் காப்பாத்த ஒருத்தர் வேணும். அவருக்காகக் காத்திருக்கணும்னு அந்தக் காலத்துப் பல மேனேஜர்கள் நினைச்சாங்க. 2003 உலகத் தொடரோட நாலாவது ஆட்டத்துல யாங்கீஸ் மேனேஜர் ஜோ டோரி, மரியானோ ரிவெராவை இப்படித்தான் வெச்சிருந்தார். பன்னிரண்டாவது இன்னிங்ஸ்ல ஜெஃப் வீவர் ஹோம் ரன் கொடுத்தார், ஃபுளோரிடா ஜெயிச்சுது. காத்திருந்த முன்னிலை ரெண்டு தடவையும் வரலை.

டொரண்டோ ஆட்டம் முடிஞ்ச அதே மாசம், கிளீவ்லாண்ட் மேனேஜர் டெரி ஃபிராங்கோனா தன்னோட சிறந்த ரிலீவர் ஆண்ட்ரூ மில்லரை எந்த இன்னிங்ஸ்ல ஆபத்தோ அந்த இன்னிங்ஸ்ல இறக்கினார். அந்த லீக் சாம்பியன்ஷிப் தொடர்ல கிளீவ்லாண்ட் வீழ்த்தினது ப்ளூ ஜேஸை. தொடர் நாயகன் மில்லர்.