அளவுகோல் யார் கையில்?

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு வாரம் ஒரு பீரியடு தையல் வகுப்பு இருந்தது. ஆண்டு முடிவில் ஆளுக்கொரு கைக்குட்டை தைத்துக் கொடுக்க வேண்டும். அம்மா வீட்டுத் திண்ணையில் மிஷின் போட்டுத் தைப்பவர். தன் கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றித் துணியின் ஓரத்தில் வைத்து, அரைவட்டம் அரைவட்டமாகச் சாக்குக் கட்டியால் வரையக் காட்டிக்கொடுத்தார். நானே வரைந்தேன். நானே மிஷினில் ஓரம் அடித்தேன். வளைவு கோணிக்கொண்டு போக, மூன்று முறை பிரித்துத் தைத்தேன். ஆசிரியை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தைச்சது மிஷின், வளைவு போட்டது வளையல். இதுல நீ என்ன பண்ணின?” என்று கேட்டார். மதிப்பெண் போடவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா பட்டன் கட்டிக்கொண்டே சொன்னார்: “கையால தைக்க நேரம் இருக்கறவங்க வச்ச பரீட்சைம்மா அது.”

பல ஆண்டுகள் கழித்து, பெண்களின் உழைப்பு பற்றிய ஒரு பாடத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, “நீ என்ன பண்ணின?” என்ற அதே கேள்வியை அமெரிக்காவின் குவில்ட் வரலாற்றில் சந்தித்தேன். அங்கே அதைக் கேட்டவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான்.

குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே ஒரு துணி, அல்லது துண்டுகளை இணைத்த ஒட்டுத்துணி. நடுவே பஞ்சு அல்லது கம்பளி. அடியில் இன்னொரு துணி. மூன்றும் நழுவாமல் இருக்கக் குறுக்கும் நெடுக்கும் தைக்க வேண்டும். இந்தத் தையலுக்குத்தான் குவில்ட்டிங் என்று பெயர். பஞ்சைப் பிடித்து வைக்கும் தையல்தானே என்று நேர்கோடாக ஓட்டிவிட்டுப் போகலாம். பெண்கள் அப்படிப் போகவில்லை. இறகு, ரோஜா, சங்கிலி, கிளிஞ்சல் என்று கோலமாக்கினார்கள். கோலத்துக்குப் புள்ளி வேண்டுவது போல இதற்கு ஓர் அச்சு வேண்டும். வைத்து வரைய ஒரு விளிம்பு வேண்டும்.

அந்த விளிம்பு வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. இங்கிலாந்தின் வடக்கே, டர்ஹாம், நார்தம்பர்லாந்து பகுதிகளில், சாப்பாட்டுத் தட்டும் கோப்பையும் கவிழ்த்து வைத்து வட்டம் வரைந்தார்கள். ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வட்டங்களாலான ஒரு வடிவத்துக்கு ஒயின் கிளாஸ் என்றே பெயர். இறகுக்கும் ரோஜாவுக்கும் அட்டையிலோ தகரத்திலோ மரத்திலோ வார்ப்பு வெட்டி வைத்துக்கொண்டார்கள். வார்ப்பு தருவது வெளிக்கோட்டை மட்டும். உள்ளே ஓடும் நரம்பையும் இதழையும் கையால்தான் போட வேண்டும். ஆகவே ஒரே வார்ப்பு இரண்டு வீடுகளுக்குப் போனால் இரண்டு விதமான இறகாக மாறும்.

அதே பகுதியில் ஆலன்ஹெட்ஸ் என்ற ஊருக்கு அருகே ஜார்ஜ் கார்டினர் என்பவர் கடை வைத்திருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் குவில்ட் துணிகளில் நீலப் பென்சிலால் வடிவம் வரைந்து கொடுப்பதை ஒரு தொழிலாக்கினார். அவரிடம் வேலை கற்ற எலிசபெத் சாண்டர்சன் குருவை மிஞ்சினார். தன் பங்குக்கு இளம்பெண்கள் பலருக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். அவர் பெயரால் வழங்கும் நட்சத்திர வடிவம் இன்றும் உண்டு. வரைவது ஒருத்தி, தைப்பது இன்னொருத்தி. இதில் யார் கலைஞர் என்ற கேள்வி அவர்களுக்கு இடையில் பெரிதாக எழுந்ததாகத் தெரியவில்லை. இருவருக்கும் கூலி முக்கியம்.

டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கங்களின் பகுதி. கணவன் சுரங்கத்தில் செத்தால், அல்லது முடமானால், வீட்டில் தறிபோல ஒரு சட்டத்தைப் போட்டு மனைவி குவில்ட் கிளப் தொடங்குவாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாராவாரம் சிறு தொகை கட்டுவார்கள். முறை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு குவில்ட் தைத்துத் தருவாள். நம்மூர்ச் சீட்டுப் போலத்தான். அந்தச் சட்டம் வீட்டின் முன்னறையை அடைத்துக்கொண்டு நிற்க, பிள்ளைகள் அதன் அடியில் வளர்ந்தார்கள்.

1928இல் ரூரல் இண்டஸ்ட்ரீஸ் பீரோ என்ற அரசு உதவி பெற்ற அமைப்பு, வேலையின்மையில் தவித்த தெற்கு வேல்ஸ், டர்ஹாம் சுரங்க ஊர்ப் பெண்களின் குவில்ட்டுகளை லண்டனில் விற்க முன்வந்தது. கிளாரிட்ஜஸ் என்ற ஆடம்பர ஓட்டலின் புதிய பகுதிக்குக் குவில்ட்டுகள் போயின. பெண்கள் கைக்குக் காசு வந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கூடவே பட்டும் சாட்டினும் வந்தன. எது தரமானது என்பதை வாங்குபவர்கள் சொல்லும் வழக்கமும் வந்தது. தகர வார்ப்பு பெண்ணிடமே இருந்தது. மதிப்பிடும் கோல் வேறு கைக்குப் போய்விட்டது.

தமிழில் ‘அளவுகோல்’ என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. கோடு போடும் கட்டையும் அதுதான். தரம் பார்க்கும் நியதியும் அதுதான். பெண்களின் தையல் வரலாற்றில் இந்த இரண்டும் ஒரே கையில் இருந்த காலம் குறைவு.

இனி மிஷினுக்கு வருகிறேன். 1846இல் எலியாஸ் ஹோவும் 1851இல் ஐசக் சிங்கரும் தையல் மிஷினுக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1856இல் சிங்கர் கம்பெனி தவணை முறையைக் கொண்டுவந்தது. நடுத்தர வீடுகளுக்குள் மிஷின் நுழைந்தது. அன்றைய அமெரிக்கப் பெண்கள் பலர் அதை மறைக்கவில்லை. குவில்ட்டின் மேற்புறத்திலேயே, வருகிறவர் கண்ணில் படும்படி மிஷின் தையல் ஓட்டினார்கள். அது பெருமைக்குரிய சாமானாக இருந்தது.

ஹாரியட் பவர்ஸ் 1837இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். விவிலியக் கதைகளைப் பதினொரு கட்டங்களில் சொல்லும் அவருடைய குவில்ட் 1886இல் ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளையின ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் தரவில்லை. சில ஆண்டுகளில் வறுமை நெருக்கியது. பத்து டாலர் கேட்டு, கடைசியில் ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகும் அதைப் பார்த்துவிட்டுப் போகப் பலமுறை வந்தார் என்று ஸ்மித் எழுதிவைத்திருக்கிறார். இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் குவில்ட்டில் கைத்தையலும் உண்டு, மிஷின் தையலும் உண்டு. வயல் வேலையும் பிள்ளைகளும் இருந்த ஒரு பெண் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தினாள். அவளுடைய கதையை அது ஒரு இழையளவும் குறைக்கவில்லை.

கைத்தையல்தான் தூய்மை என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுத்தது. பாட்டிமார் காலத்தைப் பொற்காலமாக்கும் ஏக்கம் அமெரிக்காவில் பரவிய நேரம் அது. கணப்பு அருகே அமர்ந்து பொறுமையாகத் தைக்கும் பெண் நாட்டின் அழகிய படமானாள். பொறுமை என்று அங்கே புகழப்பட்டது அவளுடைய நேரம். அந்த நேரத்துக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை, கூலி தரவில்லை. அதனால்தான் அதைப் புகழ்வது எளிதாக இருந்தது.

1971இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் குவில்ட்டுகளை நவீன ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. கூட்டம் வந்தது, மதிப்பு வந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பெண்ணிய விமர்சகர் பாட்ரிசியா மைனார்டி எழுதிய கட்டுரை அந்தப் பாராட்டையே விசாரித்தது. ஆண் ஓவியர்களின் அளவுகோலுக்கு ஒத்துவருவதால்தான் இவை கலையா? எத்தனையோ பெண்கள் குவில்ட்டில் பெயரும் ஆண்டும் தைத்துவைத்திருக்க, அவர்களைப் பெயரில்லாதவர்களாகப் பேசுவது ஏன்? இந்தக் கேள்விகள் இல்லாமல் குவில்ட் வரலாற்றை இன்று எழுத முடியாது.

இனி 1989. கென்டக்கி மாநிலத்தின் படூக்கா நகரில், அமெரிக்கக் குவில்ட்டர் சங்கத்தின் ஆண்டுப் போட்டி. கேரில் பிரையர் ஃபாலர்ட் என்பவரின் சூரிய கிரகணக் குவில்ட்டுக்கு முதல் பரிசு. முழுக்க மிஷினில் குவில்ட் செய்யப்பட்ட ஒன்று அந்தப் பரிசை வாங்கியது அதுவே முதல் முறை. கைத்தையல்காரர்கள் பலர் கொதித்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஊசி குத்திய விரல்களுக்கு என்ன மரியாதை என்று கேட்டார்கள். அவர்களுடைய வலி பொய்யல்ல. ஆனால் ஃபாலர்ட் விமானப் பணிப்பெண்ணாகச் சம்பாதித்துக்கொண்டே தைத்தவர். அவரிடம் இருந்தது வேறு விதமான நேரம். “கையால தைக்க நேரம் இருக்கறவங்க வச்ச பரீட்சை” என்ற அம்மாவின் வாக்கியம் எனக்கு அங்கேதான் முழுதாகப் புரிந்தது.

இன்றைய சண்டை அளவுகோலைப் பற்றியது. இந்த முறை நிஜமான அளவுகோல். 2010களில் வீட்டு மிஷின்களுக்கும் பரவிய முறை இது. தடித்த அக்ரிலிக் வார்ப்புகள்: நேர்கோடு, வட்டவில், அலை, கிளிஞ்சல், இறகு. சாதாரண பிரஷர் ஃபுட்டைக் கழற்றிவிட்டு, உயரமான விளிம்புள்ள வட்ட ஃபுட் ஒன்றை மாட்டுகிறார்கள். உயரம் இல்லையென்றால் வார்ப்பு ஃபுட்டின் மேலேறி ஊசியில் மோதும், ஊசி உடையும். ஃபுட்டின் விளிம்பு வார்ப்பை உரசிக்கொண்டே போகும். ஊசி எப்போதும் விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளியே குத்தும். ஆகவே வார்ப்பை வரைய நினைத்த கோட்டில் வைக்காமல் கால் அங்குலம் விலக்கி வைக்க வேண்டும். துணியை நகர்த்தும் பற்களைக் கீழே இறக்கிவிடுவார்கள். இடக்கை வார்ப்பைத் துணியோடு அழுத்திப் பிடிக்க, இரண்டு கைகளும் சேர்ந்து துணியை ஓட்ட வேண்டும். கை வேகமாகப் போனால் தையல் நீளும், தயங்கினால் குறுகும். வார்ப்பு கோட்டின் திசையைத்தான் காக்கும். தையலின் சீரைக் கைதான் காக்க வேண்டும்.

‘வார்ப்பு வைத்துத் தைப்பது குறுக்குவழி’ என்பவர்கள் இதற்கும் உண்டு. தட்டையும் ஒயின் கிளாஸையும் கவிழ்த்த பாட்டிமாரை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். யாப்பில் எழுதியவளின் கவிதையை யாப்பு எழுதியது என்று யாரும் சொல்வதில்லை. அதே சமயம், நம் தலைமுறைப் பெண்கள் யாப்பை விட்டு, உடலை எழுதியபோது அளவுகோலோடு ஓடிவந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. வைத்து எழுதினால் உன்னுடையதல்ல, வைக்காமல் எழுதினால் கவிதையே அல்ல. இரண்டு பக்கமும் நமக்கு மட்டும் கதவு சாத்தும் அளவுகோலை நான் சந்தேகப்படுகிறேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு பெண் வார்ப்பு வைத்துக் குவில்ட் செய்யும் காணொளியை அம்மாவுக்குப் போனில் காட்டினேன். அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. இப்போது கண்ணாடி போட்டாலும் ஊசி கோக்க முடிவதில்லை. போனை வாங்கி அருகே வைத்துக்கொண்டு, முகங்கள் எதையும் பார்க்காமல், மிஷினின் அடித்தட்டை மட்டும் உற்றுப் பார்த்தார்.

“பல்ல இறக்கி விட்டிருக்கா பாரு. நாங்க ரிங் மாட்டி எம்ப்ராய்டரி போடறப்ப இப்படித்தான் இறக்குவோம். இறக்கிட்டா மிஷின் துணிய இழுக்காது. எல்லாம் அவ கைதான்” என்றார்.

கொஞ்சம் பொறுத்து, “அன்னிக்கு உன் டீச்சர்கிட்ட இதச் சொல்லியிருக்கணும்” என்றார். கைக்குட்டையை அவரும் மறக்கவில்லை.